வலது பக்கத்து அப்பா

குழந்தையின் தலையைக் குறுக்காக ஒருமுறை அளந்தாள் பிசியோதெரபி அக்கா. பிறகு எதிர்மூலையிலிருந்து இன்னொருமுறை. இரண்டு அளவுக்கும் பதினொரு மில்லிமீட்டர் வித்தியாசம். மேலிருந்து பார்த்தபோது அம்மாவுக்கும் தெரிந்தது. பின்தலையின் வலது பக்கம் சப்பையாக இருந்தது. வலது காது எங்கோ கிளம்புவதுபோல் சற்று முன்னால் நகர்ந்திருந்தது.

"அஞ்சு மாசம் முடிஞ்சிடுச்சுக்கா. இன்னும் புரளவே இல்ல. தலை இப்படி இருக்கறதால மூளை..."

"மூளைக்கு ஒண்ணும் இல்ல. மண்டை எலும்பெல்லாம் சரியாதான் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தலை சப்பையா இருக்கறதால இவன் புரளாம இல்ல. நாள் முழுக்க மல்லாந்து ஒரே பக்கம் பாத்துட்டுக் கெடக்கான். அதுல தலையும் சப்பையாச்சு, கழுத்துக்கும் பலம் வரல." அவள் குழந்தையின் முகவாயை இடது பக்கம் திருப்பினாள். அது மெல்ல வலது பக்கமே திரும்பியது. "அந்தப் பக்கம் அப்படி என்னதான் இருக்கு? ஜன்னலா, டிவியா?"

"அவங்கப்பா," என்றாள் அம்மா.

குழந்தை வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போது கணவன் வெளிநாட்டுக்குப் போனான். பெரிய சலவைக்கூடம் ஒன்றில் இஸ்திரி வேலை. காலையில் வீடியோ கால் போட்டு, எதிரே உள்ள அலமாரியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தால் மூன்று மணி நேரம். இங்கே அவள் தன் போனைப் பாயில் குழந்தையின் வலது பக்கம் தலையணையில் சாய்த்து வைப்பாள். அந்தச் சுவரில்தான் பிளக் இருந்தது, சார்ஜர் வயரோ ஒன்றரை முழம். பிறகு தையல் மிஷினில் உட்காருவாள். பேச்சு அதிகம் இருக்காது. இஸ்திரிப் பெட்டி 'புஸ்ஸ்' என்று ஆவி விடும். இங்கே மிஷின் ஓடும். நடுவில் குழந்தை.

"முதலாளி மொறைக்கறாரு பாரு. சட்டையில ஒரு சுருக்கம் விடக்கூடாதாம்," என்பான் அவன். மகன்தான் அவனுக்கு முதலாளி.

"உங்கள விட்டுக் கண்ணையே எடுக்க மாட்டேங்கறான்," என்பாள் அவள். அதில் அவளுக்குப் பெருமை.

"அப்பாவ இடது பக்கம் மாத்து," என்றாள் அக்கா. "அடிக்கடி குப்புறப் போட்டுப் பழக்கு, பக்கத்துலயே இரு. ஒரு மாசம் பாப்போம். கொறையலன்னா தலை உருண்டையாக ஹெல்மெட் போடறதப் பத்தி யோசிக்கணும்."

வரும் வழியில் நீள வயர் ஒன்று வாங்கினாள். கணவனிடம் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தாள். சொன்னால் போன் பண்ணுவதையே நிறுத்திவிடுவான். அவனைத் தெரியாதா அவளுக்கு?

மறுநாள் போன் இடது பக்கம் போனது. குழந்தை பழக்கப்படி வலது பக்கம் திரும்பி வெறும் சுவரைப் பார்த்தது. குரல் மட்டும் வேறெங்கிருந்தோ வந்தது. உதடு பிதுங்கியது.

"என்ன, முதலாளி முதுகக் காட்டிட்டாரு? கோவமா?"

அவள் மிஷினை இன்னும் வேகமாக ஓட்டினாள்.

"ஏம்மா, என்னாச்சு?"

சொல்லிவிட்டாள். பதினொரு மில்லிமீட்டர், சார்ஜர் வயர், ஹெல்மெட், எல்லாம். அந்தப் பக்கம் ஆவிச் சத்தம் நின்றுபோனது.

"என்னைப் பாத்துப் பாத்துதானா அப்படி ஆச்சு? வேண்டாம். இனிமே உங்கிட்ட மட்டும் பேசறேன். அவன் தூங்கினப்புறம்."

"போன வெச்சீங்கன்னா பாருங்க!" மிஷினை விட்டு எழுந்து வந்துவிட்டாள். "அவன் உங்களத் தேடணும். தேடினாத்தான் கழுத்து திரும்பும். உங்கள விட்டா நான் வேற எதைக் காட்டித் திருப்புவேன்?"

கொஞ்ச நேரம் கழித்து 'புஸ்ஸ்' என்றது. இஸ்திரிப் பெட்டி இல்லை, அவன் வாயாலேயே செய்தான். குழந்தையின் கண் மட்டும் இடது ஓரத்துக்கு வந்தது.

அதன்பிறகு தினமும் அதே வேலை. குப்புறப் போட்டால் தலை இரண்டு விரல்கடை எழும்பும், நடுங்கும், பாயில் விழும். "எந்திரிங்க முதலாளி, சட்டையெல்லாம் சுருக்கமா கெடக்கு!" என்று கெஞ்சுவான் அவன்.

பத்தொன்பதாம் நாள் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினாள். பாயில் மல்லாந்து கிடந்த குழந்தை இடது பக்கம் புரண்டு குப்புறக் கிடந்தது. தலை தூக்கி அவளைப் பார்த்து மூச்சு வாங்கியது. போனைக் காணவில்லை. வயர் மட்டும் அதன் நெஞ்சுக்கு அடியில் போனது.

"ஒண்ணுமே தெரியல," என்றது குழந்தைக்கு அடியிலிருந்து குரல். "கரண்ட் போயிடுச்சா?"

"புரண்டுட்டான்! உங்க மேலதான் படுத்திருக்கான்!"

அவள் ஓடிவந்து குழந்தையைத் தூக்கக் கை நீட்டினாள்.

"எடுக்காத," என்றான் அவன். "கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."