ஆழம் குறைந்த பக்கம்

நீச்சல் மாஸ்டரின் இடுப்பெலும்புவரை புற்றுநோய் பரவிவிட்டது என்று தெரிந்த மறுவாரம், ஆஸ்பத்திரியின் வலித் தணிப்புப் பிரிவிலிருந்து நர்ஸ் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு பை, கையில் ஒரு நோட்டு, அவசரமில்லாத பேச்சு. அவர் கிளம்பித் தெருமுனை திரும்பியதும் எதிர்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி மாஸ்டரின் மனைவியிடம் கேட்டார்.

"இவங்க வந்தாலே நாள் குறிச்சாச்சுன்னு அர்த்தமாமே?"

மனைவி பையை எடுத்துக்கொண்டு தபால் நிலைய வேலைக்குக் கிளம்பினார். உள்ளேயிருந்த மாஸ்டரின் தங்கை காதில் அது விழுந்துவிட்டது. அண்ணனைக் கவனிக்க லீவு போட்டு வெளியூரிலிருந்து வந்திருந்தாள்.

நர்ஸ் கொடுத்தது மார்ஃபின் என்ற வலிமருந்து. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் குடிக்க வேண்டும். குடித்த மாஸ்டர், பல மாதத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குகிறவர்போலத் தூங்கினார். ஜன்னல் திரை காற்றில் உப்பி மெல்ல அடங்கியது. சுவரில் வெயில் நெளிந்து நெளிந்து, அறையே நீருக்கடியில் கிடப்பதுபோல இருந்தது. "காலை உதை, தலையை விடு," என்று கண் திறக்காமலே யாருக்கோ சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த தங்கை அவர் தோளைத் தொட்டுப் பார்த்தாள்; அவர் விழிக்கவில்லை. மருந்து அண்ணனை எங்கேயோ இழுத்துக்கொண்டு போவதாக நினைத்தாள்.

மறுநாள், அண்ணி வேலைக்குப் போன பிறகு, அளவு மூடியில் பாதி மருந்தும் பாதி தண்ணீருமாக ஊற்றிக் கொடுத்தாள். அடுத்த மூன்று நாளும் பகலெல்லாம் அப்படியே.

வலி திரும்பிவிட்டது. மாஸ்டர் முனகுகிற ஆள் இல்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்த விரல்கள்தான் வெளுத்தன. நர்ஸ் வந்து, "வலி பத்துக்கு எத்தனை மாஸ்டர்?" என்றார்.

"எட்டு."

நர்ஸ் மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இருக்க வேண்டியதைவிட அதிகம் இருந்தது. அவர் கேட்பதற்குள் தங்கை அழுதுவிட்டாள்.

"நான்தான் குறைச்சேன். தூங்க வெச்சே அனுப்பிடுவீங்களோன்னு பயம்."

நர்ஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "தூக்கம் முதல் ரெண்டு மூணு நாள்தாங்க, அப்புறம் தெளிஞ்சிடும். உங்க அண்ணிகிட்ட சொன்னேன், உங்ககிட்ட சொல்லல. அது என் தப்பு. வலி அடங்கினா அவர் சாப்பிடுவார், பேசுவார், உங்களோட சண்டைகூட போடுவார். நீங்களே பாருங்க."

"சின்ன வயசுலயே என் மாத்திரையைத் திருடித் தின்னவதானே நீ," என்றார் கட்டிலில் இருந்த மாஸ்டர். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

சரியான அளவில் ஒரு வாரம் போனது. மாஸ்டர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, செய்தித்தாளைத் தங்கை தப்பாக மடிப்பதாகக் குறை சொன்னார். என்ன செய்ய ஆசை என்று நர்ஸ் கேட்டார். அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"தண்ணியில இறங்கணும்."

டாக்டர் யோசித்துச் சம்மதித்தார். வண்டி தர முன்வந்தவர் கண்ணாடிக்கடைக்காரர். "கண்ணாடியவே கீறல் விழாம கொண்டுபோறேன். மாஸ்டரைக் கொண்டுபோக மாட்டேனா?" தெருவே கேலி செய்கிற அளவுக்கு மெதுவாக வண்டியை ஓட்டினார்.

மதியத்தில், அவர் கற்றுக்கொடுத்த உள்ளரங்க நீச்சல் குளம் ஆளில்லாமல் கிடந்தது. ஆழம் குறைந்த பக்கத்தில், மனைவியும் நர்ஸும் இருபுறம் பிடிக்க, இரவல் சக்கர நாற்காலியிலிருந்து அவரை இறக்கினார்கள். வாழ்நாளில் முழங்காலுக்கு மேல் நனையாத தங்கை மார்பளவு நீரில் நின்று அவர் தலையைத் தாங்கினாள்.

"கழுத்தை நெரிக்காத. தண்ணி பாத்துக்கும்."

கையைத் தளர்த்தினாள். உடம்பு கனமற்று மிதந்தது. கூரையில் வெளிச்சம் வலைவலையாக ஆடியது. நேரம் எங்கோ கரையில் நின்றுவிட்டது. "பத்துக்கு எத்தனைங்க?" என்று மனைவி மெதுவாகக் கேட்டார்.

அவர் கால்விரல்களை அசைத்து நீரை உதைத்தார்.

ஆறு வாரம் கழித்து, ஒரு முற்பகலில், வீட்டிலேயே போனார். மனைவியும் தங்கையும் பக்கத்தில் இருந்தார்கள். வலி இல்லை.

ஊர் திரும்பும் நாளில் தங்கை சக்கர நாற்காலியைத் திருப்பித் தரப் போனாள். வலித் தணிப்புப் பிரிவின் வாசல் பெஞ்சில் ஒருவர், டாக்டர் எழுதிய சீட்டைச் சுருட்டி விரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அம்மாவுக்காக வந்தேன்," என்றார். "உள்ள போனா, அவங்களைக் கைகழுவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு இருக்கு."

தங்கை நாற்காலியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு அவர் அருகில் உட்கார்ந்தாள். மருந்தில் தண்ணீர் கலந்ததிலிருந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய பஸ் போய்விட்டது.