பெரிலின் விசில்

நார்ஃபோக்கில் ஸ்வேத்தோர்ப் ஊரில், மண்ணுக்கடியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதைத் தொலைத்தவர் மறுநாள் காலையில் வந்துவிடுவார். எடுத்தவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். கிளிஃபர்ட் தர்ட்டில், மண்ணில் புதைந்த உலோகத்தைக் காட்டும் டிடெக்டரோடு வயலில் இறங்கிய முதல் வருடம் ஒரு வெள்ளி ஊசி கிடைத்தது. மறுநாள் ஈரக் கம்பளி வாசனையோடு ஒரு பெண் வாசலில் நின்றாள். எண்ணூறு வருடம் தேடிய களைப்பு முகத்தில் இருந்தது. ஊசியை வாங்கி மேலாடையில் குத்திக்கொண்டாள். கொடுத்த தேநீரை முகர்ந்து பார்த்து அப்படியே வைத்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. தொலைத்தது கைக்கு வந்தவர்கள் யாரும் இரண்டாம் முறை வருவதில்லை. ரோமானியச் சிப்பாய் ஒருவன் மட்டும் பெல்ட் கொக்கியை வாங்கிய பிறகும் மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்து, பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போனான். அருங்காட்சியகத்துக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பின்பு, கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றார்கள்.

கெட்ஜ் என்பவரின் பார்லி வயலில், ஓக் மரத்தடிக்கு மட்டும் கிளிஃபர்ட் போகமாட்டான். அவன் மனைவி பெரில், நாயைக் கூப்பிடும் பித்தளை விசிலை அங்கேதான் தொலைத்தாள். "கழுத்துல ஒட்டியிருக்கிறதால தலையைத்தான் நீ இன்னும் தொலைக்கல" என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்தக் குளிர்காலமே நிமோனியாவில் போய்விட்டாள். விசில் மண்ணில் கிடக்கும்வரை அவள் ஒருமுறை வருவது பாக்கியிருந்தது. எடுத்துவிட்டால் அதுவும் தீர்ந்துவிடும். அறுவடைகள் வந்து போயின. கிளிஃபர்ட் அந்த மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வருடம் டிடெக்டர் சங்கத்து ரோனி பக்கன் மதுக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் கெட்ஜோட ஓக் மரத்தடியில இறங்குறோம். அவரு சரின்னுட்டாரு. ஏன்டா மூஞ்சி வெளுக்குது?"

"அங்க ஒண்ணும் இல்ல. பாட்டில் மூடிதான் கிடக்கும்."

"மூடிக்கும் சொந்தக்காரன் வருவான்ல? வந்தா ஒரு பீர் வாங்கித் தரச் சொல்றேன்."

கிளிஃபர்ட் சிரிக்கவில்லை. ரோனியின் சமையலறையில், ரோனியின் கோப்பையில் பெரில் தேநீர் குடிப்பது அவன் கண்ணில் வந்து நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் தனியாகப் போனான். டிடெக்டர் உடனே சத்தம் கொடுத்தது. விசிலை எடுத்துக் குழியை மூடி, தோண்டியது தெரியாதபடி மிதித்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலை பெரில் சேறு படிந்த பூட்ஸோடு உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு நாளா? எங்க கிடக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். எடுத்தா வாங்கிட்டுப் போயிடுவ. அப்புறம் வரமாட்ட."

அவன் அவளுக்குத் தேநீர் ஊற்றி வைத்தான். தேநீர் ஆறி மேலே ஆடை படிந்தது. வெளியே சங்கத்து ஆட்களின் வண்டிகள் ஒவ்வொன்றாக வயல் பக்கம் போயின.

"மக்கு" என்றாள் கடைசியில். "இத்தனை வருஷம் என்னோட குடும்பம் நடத்தியிருக்க. நான் ஒரு பொருளை ஒழுங்கா வச்சுக்கிட்டுப் பாத்திருக்கியா?"

விசிலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக, அவனுடைய வெங்காயப் பாத்தியின் ஊடே நடந்து போனாள். அந்தப் பையில் எப்போதும் ஓட்டை உண்டு.

ஓக் மரத்தடியில் ரோனிக்குப் பாட்டில் மூடிதான் கிடைத்தது. அதன் சொந்தக்காரன் மறுநாள் வந்து, மூடி இருக்கிறதே, பீர் எங்கே என்று கேட்டான்.

மேலே கிடப்பது தொலைந்ததாகாது, மண் விழுங்க வேண்டும் என்பதால் கிளிஃபர்ட் தன் வெங்காயப் பாத்தியில் அவசரப்படுவதில்லை. வருடந்தோறும் வெங்காயம் பிடுங்கி முடித்த பிறகுதான் டிடெக்டரை எடுக்கிறான். அந்த வாரம் ரோனி அவனை எங்கும் கூப்பிடுவதில்லை. விசில் கிடைத்த மறுநாள் மத்தியானம் அந்த வீட்டுச் சன்னலோரம் இரண்டு கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருக்கும்.