லிஃப்டில் ஏறிய என் பழைய எடை

நான் குறைத்த எடை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறியது, இறங்கியது, ஒருநாள் என் வீட்டுக்குள்ளேயே வந்து என் சோற்றையும் தின்றுவிட்டுப் போனது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் மச்சினனும் சிரித்தவன்தான்.

ஓய்வு பெறும்வரை லிஃப்ட் மாட்டுவதும் பழுதுபார்ப்பதும்தான் என் பிழைப்பு. ஊரில் பாதிப் பேரை உயிரோடு மேலே அனுப்பியவன் நான் ஒருவன்தான். அப்படிப்பட்டவனுடைய மகள், லிஃப்டே இல்லாத கட்டடமாகத் தேடிப்பிடித்து நாலாவது மாடியில் குடிபோனாள். போன கையோடு ஒரு பேத்தியையும் பெற்றுக் கொடுத்தாள். அப்போது நான் இருந்த இருப்புக்கு, ஒரு தும்மல் போட்டால் எதிர்வீட்டுக் கொடியில் துணி காய்ந்துவிடும். முதல் மாடிக்கே முழங்கால் கைவிரித்துவிட்டது. குழந்தையைக் கீழே கொண்டுவருகிறேன் என்றாள் மகள். வீறாப்பு விடுமா? நானே ஏறிவந்து வாங்கிக்கொள்கிறேன் என்று தெருவில் நின்று சொல்லிவிட்டேன். பால்கனியிலிருந்து காட்டிய அந்தச் சின்ன உள்ளங்காலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். எடை குறையாவிட்டால் இனி ஆயுசுக்கும் படியை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

மருத்துவமனையில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு, மீதிக்குப் பருப்போ முட்டையோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மெதுவாக நடங்கள், மெதுவாகக் குறையும் என்றாள். எனக்கு அந்த 'மெதுவாக'தான் பிடிக்கவில்லை. பாரம் கூடி மணி அடித்தால் ஆளை உடனே இறக்கிவிடுவதுதான் லிஃப்ட்காரன் வழக்கம். என் உடம்பையும் அப்படியே நடத்தினேன். சோற்றை நிறுத்தினேன், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். வெந்நீரும் வெள்ளரிக்காயும்தான். எடை கடகடவென்று இறங்கியது. மனைவி என் கட்டம் போட்ட பெரிய சட்டையைக் கிழித்துத் துடைக்கிற துணி ஆக்கிவிட்டாள்.

ஒரு மத்தியானம் லிஃப்டில் தனியாக ஏறினேன். மணி அடித்தது. ஆறு பேர் ஏறினாலும் அடிக்காத மணி. நான் மாட்டிய மணி எனக்குத் தெரியாதா? தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். காலி லிஃப்டில் மணி நிற்கவில்லை. மணி அடிக்கும்போது மூடவே கூடாத கதவு மூடியது. மோட்டார் முனகியபடி பெட்டி மேலே போனது, ஆள் நிறைந்த பெட்டி போகிற மாதிரி. எங்கள் மாடியில் நின்றது.

நான் படியில் மூச்சு வாங்கி, உட்கார்ந்து, எழுந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி அடுப்பைப் பார்த்தபடி, திரும்பாமலே கேட்டாள்.

"இன்னும் பசிக்குதா? இப்பதானே ரெண்டு தடவை தட்டை நீட்டுனீங்க?"

சோற்றுப் பானை வழித்து வைத்ததுபோல இருந்தது. என் நாற்காலியின் மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்தது. தொட்டேன், சூடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் யாரோ எழுந்ததுபோல மெல்ல நிமிர்ந்தது.

மச்சினனை வரவழைத்தேன். அவனும் லிஃப்ட் வேலைதான், என்னிடம் கற்றவன், ஒல்லிக்குச்சி. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தான். ஒரு கோளாறும் இல்லை. எலியாக இருக்கும் என்றான். கட்டம் போட்ட துணியில் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "பட்டினி கிடந்தா பேயும் தெரியும், பிசாசும் தெரியும். ஒழுங்கா சாப்பிடுங்க அத்தான்" என்றான்.

கிண்டலுக்குச் சொன்னான். எனக்கு அதில்தான் விஷயம் பிடிபட்டது. பசியோடு நான் துரத்தியது பசியோடுதானே அலையும்? அன்றே கால் தட்டு சோறு திரும்பியது. காய், பருப்பு, நேரத்துக்கு. லிஃப்டில் மணி ஓய்ந்தது. இருந்தாலும் உள்ளே ஏறத் தைரியம் வரவில்லை. படியிலேயே ஏறினேன், முதலில் ஒரு மாடி, பழகியதும் இன்னொன்று. சில வாரம் எடை அசையவே இல்லை. சில வாரம் கொஞ்சம் ஏறியது. எரிச்சலில் ஒருவேளை சாப்பாட்டைத் தள்ளிவிட்டால் போதும், கீழே காலி லிஃப்டில் மணி. நான் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் நின்றுவிடும்.

பேத்தி குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்த பிறகுதான் மகள் வீட்டுக்குப் புறப்பட்டேன். சாமான் பையைச் சுமக்க மச்சினன். கிளம்புகிற அவசரத்தில், லேசாக இருந்தால் நல்லது என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். புத்தி எங்கே போகும்?

இரண்டு மாடி சுகமாக ஏறினேன். மச்சினன் பையோடு பின்தங்கிவிட்டான். மூன்றாவது மாடியில் பசி கிள்ளியது. அப்போது கீழே படியில் ஒரு நடை கேட்டது. கனத்த நடை. ஒவ்வொரு படிக்கும் ஒரு இளைப்பு. அந்த இளைப்பு எனக்குத் தெரியும், பல வருஷம் என் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது அது. அது ஏற ஏற என் தோள் கனத்தது, முழங்கால் மடங்கியது. இன்னும் ஒரு வளைவு திரும்பினால் வந்து ஏறிக்கொள்ளும். மேலே குழந்தையின் சிரிப்புச் சத்தம் வேறு.

ஓடத் தோன்றியது. ஓடவில்லை. படியில் உட்கார்ந்து, மனைவி என் சட்டைப்பையில் செருகிவிட்டிருந்த வாழைப்பழத்தை உரித்தேன். மெதுவாக மென்றேன். கீழே நடை நின்றது. இரண்டாவது வாய்க்கு இளைப்பு அடங்கியது. யாரோ பெருமூச்சோடு உட்கார்கிற சத்தம். மூச்சு சீராகும்வரை நானும் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒவ்வொரு படியாக ஏறிப்போய்க் கையை நீட்டினேன். பேத்தி வந்ததும் வராததுமாய் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

மச்சினன் ரொம்ப நேரம் கழித்து வந்தான். முகத்தில் ரத்தமில்லை. குழந்தையைக் கொஞ்சவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினான். தெருவுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தான்.

"நீங்க சொன்னது நிஜந்தான் அத்தான். ரெண்டாவது மாடிப் படியில உக்காந்திருந்துச்சு. நான் கை தொடைச்ச அதே கட்டம் போட்ட சட்டை, ஒரு கிழிசல் இல்ல. நான் மேல வரட்டும்னு கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டுச்சு."