அண்ணியைத்தான் கேட்டேன்

சலூன்காரருக்கு வாய் மூடாது. கடையில் கத்திரி ஓய்ந்தாலும் பேச்சு ஓயாது. பக்கவாதம் வந்து மனைவிக்குப் பேச்சு நின்றதும், அவளுக்கும் சேர்த்து அவரே பேச ஆரம்பித்தார். "பசிக்குதா?" என்று கேட்பார், அவள் உதடு அசைவதற்குள் "பசிக்கும், பசிக்கும்" என்று அவரே முடித்துவிடுவார். "அவங்களைப் பேச வையுங்க. இப்படியே விட்டா பேச்சு திரும்பாமலே போயிடும்" என்று டாக்டர் எச்சரித்து நான்கு மாதமாகியும் அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

எதிர் வீட்டுத் தையல்காரம்மா தினமும் மதியம் பொத்தான் டப்பாவும் பாதி தைத்த சட்டையுமாக வந்து கட்டிலருகே உட்கார்வார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆள் பிடிக்கத்தான் வருகிறார் என்று கடையில் கிண்டல் செய்தார்கள். சலூன்காரருக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அந்தம்மா பைபிளை எடுத்து விரிக்கவில்லை. மெஷின் மக்கர் பண்ணியது, காலர் கோணலானது என்று பேசுவார். நடுவில் ஏதாவது கேட்பார்.

"அண்ணி, இதுக்கு வெள்ளைப் பொத்தானா, சாம்பலா?"

"வெள்ளைதான் எடுப்பா இருக்கும்" என்பார் சலூன்காரர், சாப்பிட்டுக்கொண்டே.

"அண்ணியைத்தான் கேட்டேன், அண்ணே."

அப்புறம் காத்திருப்பார். ஊசி அதுபாட்டுக்கு ஓடும், அந்தம்மா பேசமாட்டார். அந்த அமைதி சலூன்காரருக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கடைசியில் மனைவியின் இடது கை மெல்ல நகர்ந்து ஒரு பொத்தானைத் தொடும். பெரும்பாலும் சாம்பல்தான். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அது தெரியாமல் போனதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார், இவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகிறது என்று.

"தினமும் காலையில ஜெபத்துல நான் உளறிக் கொட்டுறேன். ஆண்டவர் ஒரு நாளும் குறுக்கே பேசினதில்ல, முழுசாக் கேட்கிறார். எனக்குக் கிடைச்சதை அண்ணிக்கும் கொஞ்சம் கொடுக்கலாமேன்னுதான்" என்றவர், கட்டில் பக்கம் திரும்பினார். "அண்ணி, உங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணட்டுமா?"

'பண்ணுங்க' என்று சலூன்காரரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். ஊசி ஒரு பொத்தானை முடித்து அடுத்ததற்குப் போனது. மனைவியின் உதடு நெளிந்தது, கோணியது, தொண்டை கரகரத்தது.

"வே... வேண்டாம்."

சலூன்காரர் பதறிப்போனார். நான்கு மாதம் கழித்து வந்த முதல் சொல், அதுவும் இந்தம்மாவின் முகத்துக்கு நேரே! தையல்காரம்மாவோ சட்டையைக் கீழே போட்டுவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார்.

"வேண்டாமா? சரி அண்ணி, வேண்டாம். கேட்டீங்களா அண்ணே? அண்ணி சொல்லிட்டாங்க."

தான் உயிராக மதிப்பதை வேண்டாம் என்றவளுக்காக இப்படிச் சந்தோஷப்பட எத்தனை பேரால் முடியும்? அடுத்த நாளும் அதே நேரத்துக்குப் பொத்தான் டப்பாவோடு வந்தார். ஜெபப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்று மாலை சலூன்காரர் டீ போட்டுக் கட்டிலருகே கொண்டுவந்தார்.

"சர்க்கரை போடவா?"

கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீயில் ஆவி அடங்கியது, ஆடை படிந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.