பட்டியலில் வந்த ஒரு தேடல்

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு அக்கா சட்டை தைத்து இணையத்தில் விற்றுவந்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடும் சட்டைகள். விளம்பர வேலை தம்பியுடையது.

ஒரு மதியம் தையல் மேசை ஓரமாக மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவன் அலுத்துக்கொண்டான்.

"விளம்பரத்துக்குத் தேடல் வார்த்தையா 'குட்டிக் குழந்தை சட்டை'ன்னு போட்டு பிராட் மேட்ச்ல விட்டது தப்புக்கா. கொஞ்சம் ஒட்டுற மாதிரி எதைத் தேடினாலும் நம்ம விளம்பரம் போய் நிக்குது. நாய்க்குட்டிக்குச் சட்டை தேடினவன்லாம் எட்டிப் பாத்துட்டுப் போறான்."

"பாவம், அதுக்கும் குளிரும்ல?"

"சிரிக்காத. ஃபிரேஸ் மேட்ச்னா நம்ம வார்த்தைங்க அதே வரிசையில வரணும், முன்னபின்ன வேற வார்த்தை இருக்கலாம். எக்ஸாக்ட்னா அது மட்டும்தான். வேண்டாததை நெகட்டிவ்ல தள்ளிட்டா அந்தப் பக்கமே நம்ம விளம்பரம் போகாது."

விளம்பரத்தைப் பார்த்தவர்கள் என்னென்ன தேடினார்கள் என்ற பட்டியலில் நாய்க்குட்டி, பொம்மை, சாவிக்கொத்து என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டான். அக்கா எட்டிப் பார்த்தாள்.

'இறந்து பிறந்த குழந்தைக்குப் போட சட்டை.' அந்த மாதத்தில் மட்டும் பதினோரு பேர் தேடியிருந்தார்கள்.

"இதையும் தள்ளிடுறேன்" என்றான் அவசரமாக.

ஆறு வருடங்களுக்கு முன் அவளுடைய குழந்தை மூச்சு விடாமலே பிறந்தது. கணவர் கடை கடையாக அலைந்து, இருந்ததிலேயே சின்னதை வாங்கிவந்தார். அந்தத் துணிக்குள் குழந்தை இருக்கிற இடமே தெரியவில்லை. அதன் பிறகுதான் அவள் தையலில் உட்கார்ந்தாள். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"தள்ளாதடா. அவங்க வழி தவறி வரல. யாராவது வாங்கினாங்களா?"

"இல்லக்கா. வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."

"சிரிக்கிற குழந்தை படமா வச்சிருக்கோம். எப்படி வாங்குவாங்க?"

அந்த வாரமே அவர்களுக்கென்று இணையத்தில் தனிப்பக்கம் தயாரானது. குழந்தைப் படம் இல்லை. முன்பக்கம் நாடா கட்டிய வெள்ளைச் சட்டை மட்டும். அந்த வார்த்தைகளைத் தம்பி எக்ஸாக்டில் போட்டான்.

ஒன்பதாம் நாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "குழந்தை நீளம் இருபத்தாறு சென்டிமீட்டர்ங்க. இன்னைக்கே கிடைக்குமா?"

அவள் தைத்தாள். தம்பி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

"என்னடா சொன்னார்?"

"என் கையைப் புடிச்சவர் விடவே இல்ல."

சாயங்காலம் கணவர் வந்ததும், அத்தனை வருடங்களில் முதல் தடவையாக, அவள் குழந்தையைப் பற்றிப் பேச்செடுத்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.