நாலந்தா நீரில் சூடிய வாகை

கீழ்வானம் செம்மை பூக்க, மலைத்தோள்களில் துயின்ற முகில் மெல்ல எழுந்து மிளகுக்கொடி படர்ந்த சரிவுகளைத் தடவிச் செல்ல, இலங்கை மலைநாட்டுப் பழைய கற்கோயிலின் அருகே நாலந்தாப் பெருங்குளம் துலக்கி வைத்த வெண்கலத் தட்டெனக் கிடந்த ஒரு வைகறையை, நயம் தேரும் நண்பரே, உம் உள்ளத்தில் ஒருகணம் நிறுத்துவீராக. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு. அந்நீரின்மேல், வாளென ஒடுங்கி நீண்ட படகொன்றில் தனித்திருந்தாள் கிருஷ்ணம்மா. இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் சிவலிங்கத்தின் ஒரே மகள். கொழும்பு ஏரியில் ஆண்டுதோறும் நிகழும் மகளிர் படகோட்டத்தில் எவரும் முந்தவியலாத வீராங்கனை.

தோட்டத்தாரைக் குளத்தின் குறுக்கே கடைத்தெருவுக்கு ஏற்றி இறக்கிய ஓட்டைத் தோணியே அவள் பயின்ற பள்ளி. அத்தோணி நீரைக் கிழித்து வரும் விரைவைக் கண்டு திகைத்த பாறூக், கடற்படையில் பணியாற்றி ஓய்ந்தவர், அண்ணன் முறையில் அவள் ‘நானா’ என்றழைப்பவர், பந்தயப் படகில் அவளை அமர்த்திப் பழக்கினார்.

அன்று அக்குளத்தில் நடக்கவிருந்த தேர்வுப் பந்தயத்தில் வெல்பவள் இலங்கையின் பெயரால் கடல்கடந்து போட்டியிடுவாள். கிருஷ்ணம்மாவின் நெஞ்சை நிறைத்ததோ அப்பெருமையன்று. தோட்ட வேலைக்கெனக் கொணரப்பட்டுப் பின் குடியுரிமை மறுக்கப்பட்ட மலைநாட்டுத் தமிழர் இந்தியாவோ இலங்கையோ எனத் தம் நாட்டைக் கேட்டுப் பெறவேண்டியிருந்த முன்னொரு நாளில், தமையனைப் பிரிந்து வாழேன் என்று அழுத மனைவிக்காகச் சிவலிங்கம் மூவர் பெயரையும் இந்தியாவுக்கெனக் கொடுத்துவிட்டார். தமையன் குடும்பம் முன்னே கப்பலேறியது. மனைவியோ, பின்தொடரும் முன்னரே காய்ச்சலில் மாண்டு இறப்பர் நிழலில் மண்ணானாள். இப்போது தந்தையும் மகளும் இந்தியக் குடிகளாகிப் புறப்படும் நாளும் குறிக்கப்பட்டுவிட்டது. தனக்காக வென்றவளை நாடு துரத்திவிடுமோ? அந்த ஒற்றை நம்பிக்கையைத்தான் அவள் துடுப்போடு சேர்த்துப் பற்றியிருந்தாள்.

“ஏண்டி, இந்தக் கையால பால் வெட்டினா மரமே மெரண்டுறும்!” என்று கரையிலிருந்து கூவினாள் தோட்டத்துத் தோழி இலட்சுமி. “ஜெயிச்சிட்டு வா, ஒங்கப்பா கட்டுன மூட்டய நானே அவுத்துப் போடுறேன்.”

“சிரிக்க வைக்காதக்கா, மூச்சு போயிரும்.”

கொடி தாழ்ந்தது. வில்லினின்று விடுபட்ட கணையென, வேடனைக் கண்டு வெருண்ட மானென, அவள் படகு நுரை சிதறப் பாய்ந்தது. தோள் எரிய, உள்ளங்கைக் காய்ப்பு வெடித்துக் குருதி கசிய, ஏனைய படகுகளெல்லாம் பின்தங்கிச் சிறுபுள்ளிகளாக, அவள் எல்லையைக் கடந்தாள். கரை முழுதும் ஆர்ப்பரித்தது.

நடுவர்களோடு நெடுநேரம் வழக்காடித் திரும்பிய பாறூக் அவள் முகத்தைப் பாராமலே பேசினார்.

“கப்பு ஒனக்குத்தான் புள்ள. பயணம் மட்டும் ரெண்டாவதா வந்தவளுக்காம். நீ இந்த நாட்டு ஆளில்லயாம்.”

“அப்ப இவ்வளவு நேரம் கை தட்டுனாங்களே, பாறூக் நானா, அது யாருக்கு?”

சிவலிங்கம் தலைத்துண்டால் வாயைப் பொத்தியபடி நீர்விளிம்புக்கு வந்தார்.

“எல்லாம் என்னாலதான் தாயி. ஒங்கம்மா அழுததத் தாங்க முடியல.”

“யாரையும் பிரியக் கூடாதுன்னுதானப்பா பேரு குடுத்தீங்க? இப்ப அம்மாவ மட்டும் இங்கயே வுட்டுட்டுப் போறோமே.”



குறித்த நாளில் தலைமன்னாரில் கப்பல் ஏறினர். மூட்டைகளுக்கும் மூச்சுமுட்ட அழுவோர்க்கும் நடுவே கிருஷ்ணம்மா அமர்ந்திருந்தாள். பிறர் செலுத்த, ஒரு சுமையாக, நீர்மேல் அவள் சென்றது அதுவே முதன்முறை. கரை மங்கிக் கோடாகி, கோடும் கரைந்தழிந்தபோது, மடியில் கிடந்த அவள் கைகள் அவளறியாமலே எழுந்து, இல்லாத துடுப்பைப் பற்றி, கப்பல் செல்லும் திசைக்கு எதிராக வலித்துக்கொண்டிருந்தன. தந்தை கண்டும் தடுத்தாரில்லை. அக்கரையிலும் அவர்களுக்கெனக் காத்திருந்தது ஓர் அகதி முகாமே. மாந்தர் ஆற்றலைப் போற்றக் குழுமும் கரைகள் உலகில் பலவாம். ஆற்றலுடையார் காலூன்ற ஓரடி நிலம் ஈயும் கரையோ, அன்று அக்கடலின் இருமருங்கும் இல்லை.