வசுமதியம்மா மேல் சத்தியம்

வசுமதியம்மா இறந்த செய்தி வந்தபோது செல்லியம்மாள் கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் கரும்பின் காய்ந்த இலையான சோகையை உரித்துக்கொண்டிருந்தாள். காலை ஒன்பது மணி இருக்கும். வரப்பில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி சுப்புராயன் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான்.

“ஐயோ, வசுமதியம்மா பூட்டாங்க! நெஞ்சு வலியாம். தூக்கத்துலயே பூட்டாங்களாம்!”

வெட்டு நின்றது. பெண்கள் கரும்புச் சோகையின் மேலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். தினமும் மதியம் இரண்டு மணிக்கு டிவியில் வந்து, அடித்துக்கொண்ட குடும்பங்களை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி, அழவைத்து, சேர்த்து அனுப்பிவைக்கிற அம்மா. ஐந்து வருஷமாக அவளைப் பார்க்காத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை.

எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் செல்லியம்மாளின் கணவன் இருசப்பன். கரும்பு வெட்டும் கத்தியை மண்ணில் குத்திவிட்டு விழுந்து புரண்டான். “என் தெய்வம் பூட்டுச்சே! என் குடும்பத்தைச் சேத்து வச்ச மகராசி பூட்டாளே!”

அப்படி அழ அவனுக்கு மற்றவர்களுக்கு இல்லாத உரிமை இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் செல்லியம்மாளும் அந்த நிகழ்ச்சியில் உட்கார்ந்திருந்தார்கள்.

போனது அவளுடைய விருப்பத்தில்தான். அவள் வயிற்றில் அவன் உதைத்து ஐந்து மாதக் கரு கலைந்த பிறகு, டிவியில் ஓடிய எண்ணுக்கு அவளே போன் செய்தாள். மேடையில் முடியை விலக்கித் தலையில் இருந்த தழும்பைக் காட்டினாள். வசுமதியம்மா எழுந்து வந்து அவள் கண்ணைத் தன் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். அந்த விரல் அவ்வளவு மெத்தென்று இருந்தது. பிறகு இருசப்பன் பக்கம் திரும்பி அரை மணி நேரம் பேசினாள். அவன் உடைந்து அழுதான். செல்லியம்மாள் காலில் விழுந்தான். “வசுமதியம்மா மேல சத்தியமா, இனிமே இவ மேல கைய வைக்க மாட்டேன்” என்றான்.

“பார்த்தியா தாயி, மனசு மாறிட்டாரு. நீயும் கொஞ்சம் பொறுத்துப் போ” என்று சொல்லி வசுமதியம்மா இருவர் கையையும் சேர்த்துப் பிடித்தாள். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.

பதினொரு நாள் அவன் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் கரும்புக் கழியால் முதுகில் அடித்தான். அதற்குப் பிறகு முகத்தில் அடிப்பதே இல்லை. புடவையும் ரவிக்கையும் மறைக்கிற இடமாகப் பார்த்து அடித்தான். அவள் வெள்ளிமலையில் இருக்கும் தம்பி பச்சமுத்துவிடம் போய்ச் சொன்னாள். “ஒலகமே பாத்துச்சேக்கா, மாமா அழுதத. மாறின மனுசன நீதான் சும்மா சும்மா கொற சொல்ற” என்று அவன் அவளைத் திருப்பி பஸ் ஏற்றிவிட்டான். தெருவிலும் அதே பேச்சு. டிவியில் தீர்ந்துபோன வழக்கை அதன்பின் யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது எல்லோரும் அழ, செல்லியம்மாள் கையில் சோகையோடு நின்றாள். அந்தக் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. கூடவே முதுகும் எரிந்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பத்து மணிக்குள் தோட்டங்களில் இருந்தவர்களெல்லாம் கடைத்தெருவுக்குப் போனார்கள். ஆண்கள் கத்தியைக் கையில் பிடித்தபடியே போனார்கள். “கடைய சாத்துங்கடா!” என்று தெரு முழுக்கக் கத்தினார்கள். ஒரு டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ பாய்லரை எட்டி உதைத்தார்கள். கொதிநீர் கொட்டி டீ மாஸ்டரின் கால் வெந்தது. அணைப் பக்கமிருந்து வந்த டவுன் பஸ்ஸின் முன்கண்ணாடி நொறுங்கி, டிரைவர் நெற்றியைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினார். விரல்களுக்கிடையில் ரத்தம் வழிந்தது. கல்லெறிந்தவர்கள் அழுதுகொண்டேதான் எறிந்தார்கள். அந்த அழுகை பொய்யில்லை.

மதியத்துக்குள் பஸ் நிறுத்தத்தில் பந்தல் வந்துவிட்டது. ஆளுயர பிளக்ஸில் வசுமதியம்மா கைகூப்பிச் சிரித்தாள். இருசப்பன் மொட்டையடித்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் நின்றான். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு சேனலின் கார் வந்தது. வசுமதியம்மா சேர்த்துவைத்த தம்பதி இங்கே இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மைக் பிடித்திருந்த பெண்ணின் முகம் மலர்ந்தது. கூட்டம் செல்லியம்மாளைப் பிடித்து முன்னால் தள்ளியது.

இருசப்பன் முதலில் பேசினான். பேச முடியாமல் விம்மினான். பிறகு மைக் செல்லியம்மாள் பக்கம் வந்தது.

“சொல்லுங்கக்கா. வசுமதியம்மா உங்களுக்கு என்ன செஞ்சாங்க?”

பின்னாலிருந்து இருசப்பனின் விரல்கள் அவள் பிடரியை அழுத்தின. “அழுவுடி” என்று காதோரம் முணுமுணுத்தான்.

அவள் கேமராவைப் பார்த்தாள்.

“என்னைக் காப்பாத்துவாங்கன்னு நம்பித்தாங்க போனேன். இவன் கையிலயே புடிச்சிக் குடுத்து அனுப்பிட்டாங்க. அன்னிலேர்ந்து இவன் அடிக்கிறது யாரு காதுலயும் வுழல. நான் எப்புடிங்க அழுவறது?”

சொல்லிவிட்டுத் திரும்பி முந்தானையை விலக்கினாள். ரவிக்கைக்கு மேலும் கீழும் வரிவரியாகக் கன்றிப்போயிருந்தது. சில காயங்கள் நேற்று விழுந்தவை.

அவளோடு தினமும் சோகை உரிக்கும் பெரியம்மாள்தான் முதல் அறை அறைந்தாள். “செத்த மகராசியப் பேசறியாடி? நாக்கு அழுவிப் பூடும்டி!” இன்னொருத்தி முடியைப் பிடித்து இழுத்தாள். யாரோ இழுத்த இழுப்பில் காதுத் தோடு சதையோடு கிழிந்து வந்தது. அவள் குப்புற விழுந்ததும் இருசப்பன் இடுப்பில் உதைத்தான். “வுடுங்க, வுடுங்க!” என்று மைக் பெண் கத்தினாள். கேமராக்காரர் அவளை இழுத்துக்கொண்டு கார் பக்கம் பின்வாங்கினார். ஆனால் கேமராவை நிறுத்தவில்லை.

செல்லியம்மாள் கால்களுக்கிடையில் ஊர்ந்தாள். எதிரே மஜீத் பாயின் மளிகைக் கடை. ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதன் அடியிலிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தது. ஷட்டர் இறங்கிவிட்டது.

மஜீத்தின் மனைவி பாத்திமுத்துவின் கை அது. வெளியிலிருந்து கற்கள் வந்து ஷட்டரில் மோதின.

“பாய், அவள வெளிய அனுப்புங்க. ஒங்களுக்கு எதுக்கு வம்பு?” என்று சுப்புராயன் கத்தினான்.

பாத்திமுத்து ஷட்டருக்கு வாயைக் கொடுத்துக் கத்தினாள். “நானுந்தான் காலையிலேர்ந்து அழுதுக்கினு கெடக்கேன். அதுக்காவ ஒரு பொம்பளைய அடிச்சிக் கொல்லச் சொல்றியா? போடா அந்தாண்ட!”

மஜீத் போலீசுக்குப் போன் செய்தார். “ரோட்டு மறியலாண்ட இருக்காங்களாம். வந்துக்கினே இருக்கோம்னு சொல்றாங்க” என்றார். பாத்திமுத்து செல்லியம்மாளின் காதில் துணியை வைத்து அழுத்தினாள்.

அப்போது பின்கதவு இடிபட்டது. தகரக் கதவு. மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது. இருசப்பன் கத்தியோடு நின்றான். புதிய மொட்டைத் தலையில் வேர்வை வழிந்தது.

“ஊரு முன்னாடி என் மானத்த வாங்கிட்ட இல்ல?”

மஜீத் குறுக்கே போய் அவன் கையைப் பிடிக்கப் பார்த்தார். கத்தி அவர் முன்கையில் முழங்கைவரை கோடு கிழித்தது. திறந்திருந்த சர்க்கரை மூட்டையில் ரத்தம் தெறித்தது. பாத்திமுத்து அலறினாள். செல்லியம்மாள் தராசுப் பக்கம் நகர்ந்தாள். அவள் கைக்குக் கிடைத்தது ஐந்து கிலோ எடைக்கல். இரண்டு கையாலும் தூக்கி, அவன் திரும்புவதற்குள் முழங்காலில் அடித்தாள்.

எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. அவன் சரிந்தான். கத்தியை மட்டும் விடவில்லை. அவள் கல்லை மறுபடி தூக்கினாள். இந்த முறை தலைக்கு நேராக. அவன் அவளைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் கண்ணில் பயத்தை அவள் பார்த்தது அன்றுதான்.

“செல்லி, வாணாண்டி. வசுமதியம்மா மேல சத்தியமா, இனிமே அடிக்க மாட்டேண்டி!”

மேடையில் சொன்ன அதே வார்த்தைகள். அதே விம்மல். தலைக்கு நேராக இருந்த கல்லை நகர்த்தி, கத்தி பிடித்திருந்த வலது கையின் மேல் ஓங்கிப் போட்டாள். இரண்டாவது முறையும் போட்டாள். கத்தி தரையில் கிடந்தது. அதை எட்டி உதைத்துவிட்டு அவள் மஜீத்தின் கையைக் கட்டப் போனாள்.

போலீஸ் வந்து எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. மஜீத்துக்கு இருபத்திரண்டு தையல். அன்று மாலைச் செய்தியில் செல்லியம்மாள் வந்தாள். அவள் சொன்னது வரவில்லை, முதுகும் வரவில்லை. முடி பிடிபட்டு வாயைத் திறந்து கத்திய ஒரு நொடியை மட்டும் காட்டி, துக்கம் தாங்காமல் கதறும் பெண் என்று கீழே எழுதியிருந்தார்கள். சோக இசை வேறு.

ஆனால் மைக் பிடித்திருந்த பெண் நான்கு நாள் கழித்துத் தானாகவே காவல் நிலையத்துக்கு வந்து முழுப் பதிவையும் கொடுத்துவிட்டுப் போனாள். சேனல் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாளாம். பிறகு செல்போன்களில் பரவிய அந்தப் பதிவை வெள்ளிமலையில் யாரோ காட்ட, பச்சமுத்து அடுத்த பஸ்ஸில் இறங்கி வந்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் தலை குனிந்து நின்றான்.

“டிவிய நம்பிட்டேன்க்கா.”

“நானுந்தான் நம்புனேன்” என்றாள் அவள். “போவலாம் வா.”

வழக்கு மூன்று வருஷம் நடந்தது. கீழே விழுந்துவிட்டவன் கையை எதற்காக நசுக்கினாய் என்று இருசப்பனின் வக்கீல் கேட்டார். “அந்தக் கையிலதாங்க கத்தி இருந்துச்சு. என்னை அடிச்சதும் அதே கைதாங்க” என்றாள். மஜீத்தை வெட்டியதற்கு அவனுக்கு இரண்டு வருஷம் தண்டனை கிடைத்தது. அவன் வலது கையில் மூன்று விரல்கள் அதன்பின் மடங்கவில்லை. தற்காப்புக்குச் செய்தது என்று அவளை விட்டுவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் இன்னும் அவளைத்தான் திட்டுகிறார்கள். மஜீத் கடைக்குச் சில மாதம் வராமலிருந்தவர்கள் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பெரியம்மாள் மட்டும் வரவில்லை.

செல்லியம்மாள் வெள்ளிமலையில் தம்பி வீட்டிலிருந்து புளி தட்டும் வேலைக்குப் போகிறாள். தீர்ப்பு வந்த வாரம், கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் புளியைத் தட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கொட்டாப்புளியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது. பக்கத்துப் பெண் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

“இன்னாத்துக்கு அழுவற?”

“வசுமதியம்மா செத்துட்டாங்க இல்ல, அதுக்கு.”

“அவங்க செத்து மூணு வருசம் ஆவுதே!”

“ஆமா. எனக்கு அப்ப அழ முடியல.”

அந்தப் பெண் பிடித்த கையை விடவில்லை.